பிள்ளையை மருத்துவரிடம் கொண்டுபோவது யார்?

2025 ஜூலை 25ஆம் தேதி உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு வழங்கியது. விசாகப்பட்டினத்தில் நீட் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த 17 வயது மாணவி ஒருத்தி இறந்துபோயிருந்தாள். அந்தச் சாவை ஒழுங்காக விசாரிக்க வேண்டும் என்று தகப்பன் நீதிமன்றப் படியேறிய வழக்கு அது. சுக்தேப் சாஹா வழக்கு என்று சொல்கிறார்கள். நீதிபதிகள் விக்ரம் நாத்தும் சந்தீப் மேத்தாவும் அந்த ஒரு வீட்டின் துக்கத்தோடு நிறுத்திக்கொள்ளவில்லை. பள்ளி, கல்லூரி, கோச்சிங் சென்டர், விடுதி என்று மாணவர் இருக்கும் எல்லா இடங்களுக்கும் பொருந்தும் 15 நெறிமுறைகளை வகுத்தார்கள். 100 மாணவர்களோ அதற்கு மேலோ உள்ள இடத்தில் தகுதி பெற்ற ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும். ஆசிரியர் முதல் அலுவலகப் பணியாளர் வரை அத்தனை பேருக்கும் ஆண்டுக்கு இரண்டு முறையாவது பயிற்சி தர வேண்டும். மன நெருக்கடியில் முதலுதவி செய்வது, ஆபத்தின் அறிகுறியைக் கண்டுகொள்வது, தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் பிள்ளையிடம் நடந்துகொள்ளும் முறை, அடுத்து யாரிடம் அனுப்புவது ஆகியவைதான் அந்தப் பயிற்சியின் பாடம். உரிய சட்டமோ ஒழுங்குமுறையோ வரும்வரை இதுவே சட்டம்.

புதுச்சேரியில் இந்தப் பயிற்சியைப் பற்றிப் பேச்செடுத்தால் ஒரு வாதம் உடனே எழுந்து நிற்கிறது. படித்தவர்கள் சொல்வது, பள்ளி நடத்துகிறவர்களும் சொல்வது. அதை நீர்த்துப்போகச் செய்யாமல், அதன் முழு பலத்தோடு முதலில் எழுதிவிடுகிறேன். மனநோய் மருத்துவர் பார்க்க வேண்டிய காரியம். வாத்தியாருக்கும் அம்மாவுக்கும் இரண்டு நாள் வகுப்பெடுத்தால் அரைகுறை வைத்தியர்கள்தான் உருவாவார்கள். சாவைப் பற்றிப் பிள்ளையிடம் பேசப்போனால் இல்லாத எண்ணம் முளைத்துவிடும். இந்தக் காலத்துப் பிள்ளைகள் கண்டிப்பு இல்லாமல் வளர்ந்ததால் நொறுங்குகிறார்கள்; அதற்கு மருந்து பயிற்சி இல்லை. ஆசிரியருக்கு ஏற்கெனவே தலைக்கு மேல் வேலை. ஐரோப்பாவிலும் பீகாரிலும் நடந்த ஆய்வுகளே ஆசிரியர் பயிற்சியால் பயனில்லை என்று சொல்லிவிட்டன. நம் ஊரில் ஜிப்மர் மருத்துவமனை இருக்கிறது. பிரச்சினை உள்ளவர்கள் அங்கே போகட்டும்.

இந்த வாதம் பொறுப்பானதுபோல் ஒலிக்கிறது. அதனால்தான் இது ஆபத்தானது. ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம். கடைசியில் சொன்னதிலிருந்தே தொடங்குகிறேன்.

ஜிப்மர் இருக்கிறது. மறுக்கவில்லை. 1823இல் பிரெஞ்சுக்காரர்கள் இங்கே தொடங்கிய மருத்துவப் பள்ளியிலிருந்து வளர்ந்தது அது. இரண்டு நூற்றாண்டுகளாக மருத்துவம் கற்பிக்கும் ஊர் இது. அரசு பொது மருத்துவமனை இருக்கிறது. ஊரைச் சுற்றி வில்லியனூர் பக்கமும் அரியாங்குப்பம் பக்கமும் காலாப்பட்டு பக்கமும் மருத்துவக் கல்லூரிகள் நிற்கின்றன. 2011 கணக்கெடுப்பில் காரைக்கால், மாகே, ஏனாம் சேர்த்தே பன்னிரண்டரை லட்சம் மக்கள். இத்தனை சிறிய நிலப்பரப்பில் இத்தனை மருத்துவக் கல்லூரிகள் உள்ள இடம் இந்தியாவில் அபூர்வம்.

மருத்துவர் பக்கத்தில் இருந்தாலே போதும் என்ற வாதம் உண்மையானால், நாட்டிலேயே தற்கொலை குறைந்த ஊராகப் புதுச்சேரி இருந்திருக்க வேண்டும். தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கு வேறு கதை சொல்கிறது. 2015இல் லட்சம் பேருக்கு 43.2 பேர் இங்கே தற்கொலையால் இறந்தார்கள். நாட்டிலேயே அதுதான் உச்சம். அந்த ஆண்டு தேசிய விகிதம் 10.6. 2022இல் புதுச்சேரியின் விகிதம் 29.7, தேசிய விகிதம் 12.4. இடைப்பட்ட ஆண்டுகளிலும் பட்டியலின் மேல்வரிசையை விட்டு நாம் இறங்கவில்லை. கடலூரிலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் சிகிச்சைக்கு வந்து இறப்பவர்களால் இந்தக் கணக்கு ஊதிப்போகிறது என்று ஒரு சமாதானம் சொல்வார்கள். சரி, பாதியைக் கழித்துவிடுங்கள். 2015இன் பாதி 21.6, அப்போதும் அது தேசிய விகிதத்தைப் போல இரண்டு மடங்கு. 2022இன் பாதி கிட்டத்தட்ட 15. அப்போதும் நாட்டை விட அதிகம். சாவை எண்ணும் முறையில் ஒளிந்துகொள்ள இடமில்லை.

மருத்துவமனை பக்கத்தில் இருக்கிறது. பிள்ளைகளும் பக்கத்தில்தான் இருக்கிறார்கள். இரண்டுக்கும் நடுவில் என்ன உடைந்திருக்கிறது? இந்தக் கேள்வியை எதிர்வாதம் ஒரு முறைகூடக் கேட்டதில்லை. அதன் முதல் தோல்வி அதுதான்.

நடுவில் இருப்பது பெரியவர். 15 வயதுப் பெண் ஒருத்தி லாஸ்பேட்டையிலிருந்து தானாகப் பஸ் ஏறி கோரிமேட்டு ஜிப்மருக்குப் போய், சீட்டுப் போட்டு, மனநலப் பிரிவின் வாசலில் உட்காருவாளா? உட்கார்ந்தாலும் கூட வந்த பெரியவர் யார் என்றுதான் முதலில் கேட்பார்கள். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி 18 வயதுக்குக் கீழே உள்ளவருக்குச் சட்டப்பூர்வக் காப்பாளரே நியமனப் பிரதிநிதி. சிகிச்சை பற்றிய முடிவு அவர் வழியாகத்தான் போக வேண்டும். ஆகவே மருத்துவரிடம் போகட்டும் என்ற வாக்கியத்தின் எழுவாய் பிள்ளை இல்லை. அம்மா, அப்பா, தாத்தா, சித்தி, வகுப்பாசிரியர், வார்டன் ஆகியோர்தான் அந்த எழுவாய். பெரியவர் கண்டுகொண்டால் பிள்ளை போகும், கண்டுகொள்ளாவிட்டால் போகாது. கண்டுகொள்ளக் கற்றுக்கொடுக்காதே என்று சொல்லிக்கொண்டே மருத்துவரிடம் அனுப்பு என்று சொல்வது, வாசலைப் பூட்டிச் சாவியை எடுத்துவைத்துக்கொண்டு உள்ளே வா என்று அழைப்பதாகும்.

பெரியவர்கள் இன்று என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். நிமான்ஸ் நடத்திய 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பில், 13 முதல் 17 வயது வரை உள்ளவர்களில் 7.3 சதவீதம் பேருக்கு ஏதோவொரு மனநலப் பிரச்சினை இருந்தது. அதே கணக்கெடுப்பின்படி, நோயைப் பொறுத்து 70 முதல் 92 சதவீதம் பேர் வரை சிகிச்சைக்கே வரவில்லை. வராதவர்கள் வீட்டில் என்ன கேட்டிருப்பார்கள் என்று நம் எல்லோருக்கும் தெரியும். டிராமா பண்ணாதே. சாப்பிட்டுத் தூங்கு, சரியாகிவிடும். செல்போனைப் பிடுங்கினால் எல்லாம் தெளிந்துவிடும். கண்ணேறு பட்டிருக்கிறது. யாரோ செய்வினை வைத்திருக்கிறார்கள், மந்திரித்துக் கயிறு கட்டுவோம். வெளியே தெரிந்தால் நாளைக்கு யார் பெண் கொடுப்பார்கள்? அன்பில்லாமல் இதைச் சொல்கிறார்கள் என்று நான் எழுத மாட்டேன். வேறு எதுவும் யாரும் கற்றுத்தராததால் சொல்கிறார்கள். கற்றுத்தராமல் விட்டால் அது எதுவரை போகும் என்பதை 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி ஏர்வாடி காட்டியது. சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் தீயில் மாண்டார்கள். அவர்களில் பலரை அங்கே கொண்டுபோய் விட்டது பெற்ற குடும்பங்கள்தான்.

அரைகுறை வைத்தியர் என்ற பயமுறுத்தலுக்கு வருகிறேன். பயிற்சி என்னவென்று பார்க்காமலே வைக்கப்படும் வாதம் இது. 2000ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவில் பெட்டி கிச்சனர், ஆன்டனி ஜார்ம் என்ற இருவர் மனநல முதலுதவிப் பயிற்சியைத் தொடங்கினார்கள். கிச்சனர் செவிலியர் கல்வியாளர். இளவயதிலிருந்தே மனச்சோர்வோடு போராடியவர். ஜார்ம் மனநல ஆய்வாளர். அந்தப் பயிற்சி யாரையும் நோயைக் கணிக்கச் சொல்லவில்லை. மாத்திரை பெயர் சொல்லித்தரவில்லை. ஆபத்து இருக்கிறதா என்று பார்ப்பது, தீர்ப்பு சொல்லாமல் கேட்பது, நம்பிக்கையும் சரியான தகவலும் தருவது, நிபுணரிடம் அனுப்புவது, கூட இருப்பவர்களின் துணையைச் சேர்ப்பது. இவ்வளவுதான் அதன் சாரம். வைத்திக்குப்பத்துக் கடலில் அலை இழுத்துப்போனவனைக் கரைக்குக் கொண்டுவரும் மீனவரிடம் எம்.பி.பி.எஸ். சான்றிதழ் இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. அவர் கரைசேர்த்தால்தான் மருத்துவருக்கு வேலையே இருக்கிறது.

பயிற்சி பெற்ற ஆசிரியருக்கும் பெறாதவருக்கும் உள்ள வித்தியாசம் எங்கே தெரியும் என்று சொல்கிறேன். நன்றாகப் படித்துக்கொண்டிருந்த பையன் மூன்று வாரமாக வீட்டுப்பாடம் கொண்டுவரவில்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் தனியாக உட்கார்ந்திருக்கிறான். தன் கிரிக்கெட் மட்டையை இன்னொருவனுக்குச் சும்மா கொடுத்துவிட்டான். பயிற்சி பெறாதவர் வகுப்பு நடுவே எழுப்பி நிற்கவைத்து, உனக்கென்னடா கவலை என்று கேட்பார். பயிற்சி பெற்றவர் வகுப்பு முடிந்து எல்லோரும் போகும்வரை காத்திருப்பார்.

“என்னப்பா, கொஞ்ச நாளா ஒரு மாதிரியா இருக்கியே. உக்காரு.”

“ஒண்ணுமில்ல சார்.”

“ஒண்ணுமில்லன்னா சந்தோஷம். இருந்தா எங்கிட்ட சொல்லலாம். திட்ட மாட்டேன்.”

“...”

“உயிரோட இருக்க வேணாம்னு எப்பவாவது தோணுதா?”

எதிர்வாதம் நடுங்குவது இந்தக் கடைசிக் கேள்வியைக் கண்டுதான். கேட்டால் எண்ணம் முளைக்கும் என்கிறார்கள். இது நம்பிக்கை மட்டுமே. பரிசோதித்துப் பார்த்தபோது பொய்த்துப்போன நம்பிக்கை. நியூயார்க் மாநிலத்தின் ஆறு உயர்நிலைப் பள்ளிகளில் 2,342 மாணவர்களிடம் நடந்த ஆய்வு 2005இல் வெளிவந்தது. ஒரு பாதிப் பேரிடம் தற்கொலை எண்ணம் பற்றிய கேள்விகளைக் கேட்டார்கள், மறுபாதியிடம் கேட்கவில்லை. கேட்கப்பட்டவர்களுக்கு மன உளைச்சலும் கூடவில்லை, தற்கொலை எண்ணமும் கூடவில்லை. ஏற்கெனவே மனச்சோர்வு இருந்தவர்களுக்கும், முன்பு முயன்றவர்களுக்கும்கூடக் கேள்வியால் கேடு வரவில்லை. பின்னால் 2014இல் இப்படிப்பட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்களும் அதே முடிவுக்குத்தான் வந்தார்கள். முளைக்கும் என்று பயந்து வாயை மூடிக்கொள்கிற பெரியவர் பிள்ளையைக் காப்பாற்றவில்லை. ஏற்கெனவே முளைத்திருப்பதோடு அதைத் தனியாக விட்டுவிடுகிறார்.

அந்தக் கேள்விக்கு ஆமாம் என்று பதில் வந்தால் என்ன செய்வது என்பதுதான் பயிற்சியின் அடுத்த பாதி. பையனைத் தனியே விடக் கூடாது. யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்துதரக் கூடாது. வீட்டுக்குச் சொல்ல வேண்டும்; வீடே பிரச்சினையாக இருந்தால் வேறு பெரியவரிடம் சொல்ல வேண்டும். அன்றைக்கே மருத்துவரிடம் சேர்க்க வேண்டும். இதில் எந்த வரி அரைகுறை வைத்தியம்? ஒன்று காட்டுங்கள்.

மனநல மருத்துவர்களே சாதாரண மனிதர்களின் இந்தத் துணையை எதிர்பார்த்தவர்கள் என்பதை எதிர்வாதம் மறந்துவிடுகிறது. 1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் மருத்துவர் வித்யா சாகர் நோயாளிகளின் குடும்பங்களை வளாகத்திலேயே கூடாரம் போட்டுத் தங்கவைத்தார். கூடவே இருந்து பார்த்துக்கொள்ளக் கற்றுக்கொடுத்தார். வேலூர் சி.எம்.சி. 1957இல் பாகாயத்தில் தொடங்கிய மனநல மையத்திலும் நோயாளியோடு குடும்பம் தங்குவது வழக்கமானது. 1986இல் சென்னையில் ஸ்நேகா என்ற அமைப்பைத் தொடங்கிய லட்சுமி விஜயகுமார் மனநல மருத்துவர். அவர் நடத்தியது மருத்துவமனை இல்லை. பயிற்சி பெற்ற சாதாரண மனிதர்கள் உட்கார்ந்து கேட்கும் இடம். நம் ஊரில் மைத்ரேயி என்ற அமைப்பும் தன்னார்வலர்களைக் கொண்டு அதே பணியைச் செய்தது. ஜிம்பாப்வேயின் ஹராரே நகரில் மருத்துவர் டிக்சன் சிபாண்டா பாட்டிமார்களுக்குப் பயிற்சி கொடுத்து, சுகாதார நிலைய வாசலில் மரப்பெஞ்சு போட்டு உட்காரவைத்தார். அவர்களிடம் பேசியவர்களின் மனச்சோர்வு குறைந்ததை 2016இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. மருத்துவரின் மதிப்பைக் காப்பாற்றுவதாகச் சொல்லி இந்தப் பயிற்சியை எதிர்ப்பவர்கள், மருத்துவர்கள் சொன்னதைக் கேட்கவில்லை.

இந்தக் காலத்துப் பிள்ளைகள் நொறுங்குகிறார்கள் என்ற பேச்சு எனக்கு மிகவும் கோபமூட்டுவது. நம் காலத்தில் இதெல்லாம் இல்லை என்கிறார்கள். இருந்தது, மறைத்தோம். மறைக்கக் காரணமும் இருந்தது. புதுச்சேரி பிரெஞ்சு ஆட்சியில் இருந்தவரை இங்கே நடந்தது பிரெஞ்சு தண்டனைச் சட்டம். அதில் தற்கொலை முயற்சி குற்றமில்லை. இந்தியாவோடு இணைந்த பிறகு இந்தியத் தண்டனைச் சட்டம் வந்தது, அதோடு 309ஆம் பிரிவும் வந்தது. முயன்று பிழைத்த பிள்ளைக்கு வழக்கு என்றால் எந்தத் தாய் மருத்துவமனையில் உண்மையைச் சொல்வாள்? வயிற்றுவலி என்றாள், தவறுதலாக நடந்துவிட்டது என்றாள். 2018இல் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், அப்படிப் பிழைத்தவரைக் கடும் மன நெருக்கடியில் இருந்தவராகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்றது. 2024 ஜூலை 1இல் வந்த புதிய தண்டனைச் சட்டத்தில் 309 இல்லை. பல பத்தாண்டுகளாக வாய்பேசாமல் வைத்திருந்த ஒன்றை, அப்போது இல்லவே இல்லை என்று சாட்சி சொல்ல யாருக்கும் உரிமை கிடையாது.

கண்டிப்புப் போதாது என்கிறீர்களே, பிள்ளைகள் தோள்மீது இப்போது எதை ஏற்றியிருக்கிறோம் என்று எண்ணிப் பாருங்கள். தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் படித்துவந்த அரசுப் பள்ளிகளை சி.பி.எஸ்.இ.க்கு மாற்றினோம். அதே பிள்ளைகளிடம் நீட் எழுது என்றோம். அரசுப் பள்ளி மாணவருக்கு 10 சதவீத உள்ஒதுக்கீடு கொடுத்தது நல்ல காரியம். அதோடு ஒவ்வொரு வீட்டின் எதிர்பார்ப்பும் ஏறியது. ஏ.எஃப்.டி., சுதேசி, பாரதி மில்கள் மூடிக்கிடக்கின்றன. அந்த மில்லை நம்பிய வீடுகளில் பிள்ளையின் மார்க்குதான் கடைசி நம்பிக்கை. தெருவுக்குத் தெரு சாராயம் மலிந்த ஊரில், குடித்துவிட்டு வரும் தகப்பனுக்குப் பயந்து இரவு படிக்கும் பிள்ளைகள் எத்தனை பேர் என்று எந்த ஆசிரியரையும் கேளுங்கள். இவ்வளவையும் பெரியவர்கள் ஏற்றிவிட்டு, நொறுங்கியது பிள்ளையின் பலவீனம் என்று சொல்வது அநியாயம். 2022இல் மட்டும் நாட்டில் 13,044 மாணவர்கள் தற்கொலையால் இறந்தார்கள். அத்தனை பேரும் கண்டிப்பு குறைந்த வீட்டுப் பிள்ளைகள் என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்ல முடியுமா?

பெரியவர்கள் மாறினால் சாவு குறையும் என்பதற்குப் பக்கத்திலேயே சான்று உண்டு. பொதுத் தேர்வில் தோற்றவர் ஒரு வருடம் காத்திருக்காமல் சில வாரங்களில் மறுபடி எழுதும் துணைத்தேர்வைத் தமிழ்நாடு இருபது ஆண்டுகளுக்கு முன்பே கொண்டுவந்தது. அதற்காக வாதாடியவர்களில் லட்சுமி விஜயகுமார் முக்கியமானவர். பிள்ளையின் மனவலிமையை யாரும் கூட்டவில்லை. தோல்விக்கும் அடுத்த வாய்ப்புக்கும் இடையில் இருந்த இருட்டைப் பெரியவர்கள் குறைத்தார்கள். தேர்வுத் தோல்வியை ஒட்டிய சாவுகள் குறைந்தன.

எதிர்வாதத்தின் உண்மையான பலம் ஆய்வுகளில்தான் இருக்கிறது. அதற்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும்.

ஐரோப்பாவின் 10 நாடுகளில் 168 பள்ளிகளில் 11,110 மாணவர்களை வைத்து நடந்த பெரிய ஆய்வு 2015இல் வெளிவந்தது. சில பள்ளிகளில் ஆசிரியர்களுக்கு ஆபத்தைக் கண்டறியும் பயிற்சி கொடுத்தார்கள். சில பள்ளிகளில் வினாத்தாள் கொண்டு மாணவர்களைச் சலித்தெடுத்து மருத்துவரிடம் அனுப்பினார்கள். சில பள்ளிகளில் மாணவர்களுக்கே மனநலம் பற்றிப் பேசவும் நடித்துப் பார்க்கவும் வகுப்புகள் நடத்தினார்கள். ஓராண்டு கழித்துத் தற்கொலை முயற்சி ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது மூன்றாவது வகைப் பள்ளிகளில் மட்டுமே. ஆசிரியர் பயிற்சி தனியாகப் பலன் தரவில்லை. உண்மை. ஆனால் அதே ஆய்வில் நிபுணரிடம் அனுப்பும் முறையும் தனியாகப் பலன் தரவில்லை என்பதை எதிர்வாதம் ஏன் விழுங்கிவிடுகிறது? மருத்துவரிடம் விட்டுவிடுங்கள் என்பதன் சாரமே அந்த இரண்டாவது முறைதான். ஓர் ஆய்வின் பாதியை மட்டும் படித்துவிட்டு மேடை ஏறக் கூடாது. பலன் தந்த அந்த வகுப்புகளை நடத்தியவர்கள் யார்? பயிற்சி பெற்ற பெரியவர்கள்.

பீகார் நாளந்தா மாவட்டத்தில் 74 அரசுப் பள்ளிகளில் நடந்த செஹர் ஆய்வு 2018இல் லான்செட் இதழில் வந்தது. ஒரே திட்டத்தைச் சில பள்ளிகளில் ஆசிரியர்கள் நடத்தினார்கள். சில பள்ளிகளில் அதற்கென்றே நியமிக்கப்பட்ட சாதாரண ஆலோசகர்கள் நடத்தினார்கள். ஆசிரியர் நடத்திய பள்ளிகளில் மாற்றமில்லை. ஆலோசகர் நடத்திய பள்ளிகளில் மனச்சோர்வு குறைந்தது, அடிதடியும் கேலிக்கொடுமையும் குறைந்தன, பள்ளிச் சூழலே மேம்பட்டது. எதிர்வாதம் முதல் பாதியை எடுத்துக்காட்டுகிறது. இரண்டாம் பாதியில் இருக்கும் அந்த ஆலோசகர் மனநல மருத்துவர் இல்லை என்பதைச் சொல்வதில்லை. அவரும் பயிற்சி பெற்ற ஒரு பெரியவர்தான். டெல்லி அரசுப் பள்ளிகளில் நடந்து 2020இல் வெளிவந்த இன்னொரு ஆய்விலும் அப்படிப்பட்ட ஆலோசகர்களோடு பேசிய பிள்ளைகள், தாங்கள் சொன்ன பிரச்சினைகளின் கனம் குறைந்ததாகச் சொன்னார்கள். பலன் மிதமானதுதான், ஆனால் இருந்தது.

இந்த ஆய்வுகளிலிருந்து நான் எடுப்பது இதுதான். கணக்கு வாத்தியாரை ஆலோசகராக்கப் பார்க்காதீர்கள். அவருக்குக் கண்டுகொள்ளவும் காதுகொடுக்கவும் கைமாற்றவும் மட்டும் கற்றுக்கொடுங்கள். கைமாற்றுவதற்கு அதே வளாகத்தில் முழுநேர ஆலோசகர் இருக்க வேண்டும். அவருக்குப் பின்னால் மருத்துவர் இருக்க வேண்டும். ஒரு நாள் பவர்பாயிண்ட் வகுப்பு நடத்தி, சான்றிதழ் கொடுத்து, போட்டோ எடுத்து அனுப்பிவிட்டால் ஐரோப்பாவில் தோற்றது இங்கேயும் தோற்கும். பயிற்சியின் குறையைக் காட்டுபவர் நல்ல பயிற்சியைக் கேட்க வேண்டும். குறையைக் காட்டிப் பயிற்சியையே ஒழிக்கக் கேட்பவருக்குப் பிள்ளைகள்மீது அக்கறை இல்லை. தன்மேல் பொறுப்பு விழாமல் இருக்க வேண்டும் என்ற அக்கறைதான் இருக்கிறது.

வேலைப்பளு பற்றிச் சொல்வதை நான் முழுமையாக ஏற்கிறேன். தேர்தல் பணி, கணக்கெடுப்பு, பதிவேடு, ஆன்லைன் பதிவேற்றம் என்று ஆசிரியரை அலைக்கழிப்பது உண்மை. ஆனால் அதை யாரிடம் சொல்ல வேண்டும்? பதிவேடுகளைக் குறை என்று கல்வித் துறையிடம் சொல்ல வேண்டும். பிள்ளையின் உயிரைப் பட்டியலில் கடைசியாகத் தள்ளிவிட்டுப் பதிவேட்டைக் காப்பாற்றும் வாதத்தை ஆசிரியர் சார்பில் பேசாதீர்கள். எந்த நல்லாசிரியரும் அப்படிக் கேட்கவில்லை. தன் வகுப்புப் பிள்ளை ஒன்றை இழந்த ஆசிரியருக்கு வரும் கேள்வி, ஏன் எனக்குப் பயிற்சி கொடுத்தீர்கள் என்பதா, ஏன் கொடுக்கவில்லை என்பதா?

புதுச்சேரிக்கு இந்தக் காரியம் செய்வது மற்ற மாநிலங்களை விடச் சுலபம். ஊர் சிறியது. மருத்துவமனைகள் பக்கத்தில் இருக்கின்றன. ஆகவே கோரிக்கைகளைத் தெளிவாக வைக்கலாம். 100 மாணவர் இருக்கும் ஒவ்வொரு பள்ளிக்கும், கோச்சிங் சென்டருக்கும் ஆலோசகரை நியமியுங்கள். தனியார் நிறுவனங்கள் நியமித்ததா என்று பரிசோதியுங்கள். ஆசிரியரோடு நிறுத்தாமல் வார்டன், பள்ளிப் பேருந்து ஓட்டுநர், சத்துணவுப் பணியாளர், ஆயாம்மா எல்லோருக்கும் பயிற்சி கொடுங்கள். பிள்ளை அழுவதை முதலில் பார்ப்பது பெரும்பாலும் அவர்கள்தான். பெற்றோர் கூட்டத்தில் மார்க் பட்டியலோடு ஒரு மணி நேரம் இதற்கும் ஒதுக்குங்கள். பயிற்சியைத் தமிழில் நடத்துங்கள். மாகேயில் மலையாளத்திலும் ஏனாமில் தெலுங்கிலும் நடத்துங்கள். ஒவ்வொரு பள்ளியும் எந்த மருத்துவமனையின் எந்தப் பிரிவுக்கு, எந்தக் கிழமையில், யாரைப் பார்க்க அனுப்ப வேண்டும் என்று எழுதி ஒட்டுங்கள். டெலி மானஸ் என்ற மனநல உதவி எண் 14416 எல்லா வகுப்பறையிலும் இருக்க வேண்டும். நாளின் எந்த நேரமும் இலவசமாக, தமிழிலும் பேசலாம்.

இதை எதிர்ப்பவர்களிடம் கடைசியாக ஒன்று கேட்கிறேன். பயிற்சி வேண்டாம் என்கிறீர்கள். சரி. நாளைக்குக் காலை முதல் மணி அடித்ததும், முத்தியால்பேட்டையிலோ பாகூரிலோ ஏதோவொரு வகுப்பில், இனி உயிரோடு இருக்க வேண்டாம் என்று நினைத்துக்கொண்டு ஒரு பிள்ளை உட்கார்ந்திருக்கும். அந்த வகுப்பில் நிற்கும் பெரியவர் அதைக் கண்டுகொள்ள என்ன ஏற்பாடு வைத்திருக்கிறீர்கள்? பதில் இருந்தால் எழுதுங்கள், நாங்கள் படிக்கிறோம். பதில் இல்லையென்றால், உச்ச நீதிமன்றம் கட்டாயம் என்று சொன்ன ஒன்றுக்கு நடுவே நிற்காமல் விலகுங்கள்.